இரண்டு மெக்கேக்களும் ஒரு மாமனாரும்

முதல் நாள், எடின்பரோ

காலை பத்து மணிக்கு எடின்பரோவில் இறங்கினோம். மாமா விமானத்தில் பொட்டுத் தூக்கம் போடவில்லை. 76 வயது. மடியில் ஒரு நீல நோட்டு. அதை இரண்டு கையாலும் பிடித்தபடியே அட்லாண்டிக்கைத் தாண்டிவிட்டார்.

மாமா என்றால் என் மாமனார், கனடாவின் நோவா ஸ்கோஷியாக்காரர். கல்யாணமான புதிதில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. மாமா என்றேன், அவருக்குப் பிடித்துப்போனது. இந்தப் பயணம் அத்தை போட்ட திட்டம். அத்தை போய் இரண்டு வருடம் ஆகிறது. என் கணவருக்கு லீவு இல்லை. "நான் வரட்டுமா மாமா?" என்று கேட்டேன். மறுநாளே டிக்கெட் எடுத்துவிட்டார்.

தேடி வந்திருப்பது அவருடைய தாத்தாவின் தாத்தாவை. கையில் இருப்பது இரண்டே தடயம். ஒன்று, நோவா ஸ்கோஷியாவில் ஏர்ல்டவுன் பக்கம் இருக்கும் ஒரு கல்லறைக் கல். ஸ்காட்லாந்தின் சதர்லாந்து மாவட்டம், ஃபார் என்ற திருச்சபைப் பங்கில் பிறந்தவர், 1881இல் 75 வயதில் இறந்தார் என்று அதில் வெட்டியிருக்கிறது. ஏர்ல்டவுனே சதர்லாந்திலிருந்து போனவர்கள் காட்டை வெட்டி உண்டாக்கிய ஊர்தான். இன்னொன்று, குடும்ப பைபிளின் முதல் தாளில் எழுதிவைத்த அவருடைய பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல். நீல நோட்டில் அதைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்.

ஓட்டல் வாசலிலேயே முதல் அடி விழுந்தது. குடும்பம் தலைமுறை தலைமுறையாக 'மெக்கே' என்று சொல்லிவந்த பெயரை, வரவேற்பில் இருந்த பெண் 'மக்கை' என்று படித்தாள். இவர் திருத்தினார். அவள் சிரித்துக்கொண்டே, இங்கே எல்லாரும் மக்கைதான் என்றாள். லிஃப்டில் ஏறி அறைக்குப் போய்ச் சேரும்வரை மாமா 'மக்கை, மக்கை' என்று முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சாயங்காலம் ராயல் மைல் தெருவில் நடந்தோம். இரண்டு பக்கமும் கட்டம் போட்ட துணிக்கடைகள். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம், ஒரு முத்திரை, அதைப் போட்ட ஒரு காபிக் கோப்பை. ஸ்காட்லாந்துச் சட்டப்படி மரபுச் சின்னம் ஒரு தனி ஆளுக்குத்தான் சொந்தம், ஒரே பெயர் வைத்தவர்கள் எல்லாருக்கும் இல்லை. அதைக் கவனிக்க லார்ட் லயன் என்று ஒரு அதிகாரியும் அவருக்கென ஒரு நீதிமன்றமுமே உண்டு. குலத்துக்கு ஒரு கட்டம் என்ற கணக்கும் பெரும்பாலும் 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் இங்கே வந்துபோன காலத்தில் சூடுபிடித்ததுதான். இதையெல்லாம் நான் விளக்கி முடிப்பதற்குள் மாமா மெக்கே கட்டத்தில் ஒரு மஃப்ளர் வாங்கிக் கழுத்தில் சுற்றியிருந்தார். நன்றாகத்தான் இருந்தது.

இரவு ஹகிஸ். ஆட்டின் ஈரல், இதயம், நுரையீரலை ஓட்ஸும் வெங்காயமும் மிளகும் சேர்த்து அவித்தது. ஆட்டுக்குடல் தின்று வளர்ந்தவளுக்கு இதில் ஒரு பயமும் இல்லை. காரம்தான் போதவில்லை.

இரண்டாம் நாள், பதிவுகள்

பிரின்ஸஸ் தெருவின் கிழக்குக் கோடியில், குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் வெலிங்டன் பிரபு சிலைக்குப் பின்னால், ஜெனரல் ரெஜிஸ்டர் ஹவுஸ். ராபர்ட் ஆடம் வடிவமைத்தது, 1774இல் அடிக்கல் நாட்டியது. ஒரு நாளுக்குக் கட்டணம் கட்டினால் ஒரு மேசையும் ஒரு கணினியும் நமக்கு. சுற்றிலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, அமெரிக்கா என்று எங்கெங்கோ பிறந்தவர்கள், எல்லாரும் செத்துப்போனவர்களைத் தேடிக்கொண்டு. ஆனாலும் பரீட்சை ஹால் மாதிரி இல்லை. அவ்வப்போது ஒரு மூலையிலிருந்து அடங்கிய குரலில் ஒரு சின்னக் கூவல் வரும், யாருக்கோ யாரோ கிடைத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஸ்காட்லாந்தில் பிறப்பு, இறப்பு, கல்யாணத்தை அரசு பதிய ஆரம்பித்தது 1855 ஜனவரி 1இல். அந்த முதல் வருடப் படிவத்தில் அளவுக்கு மீறிக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். பெற்றோர் எங்கே பிறந்தவர்கள், அவர்களுக்கு வேறு எத்தனை பிள்ளைகள் என்று எல்லாம் உண்டு. எழுதிக் கை ஓய்ந்து மறு வருடமே குறைத்துவிட்டார்கள். 1855இல் ஒரு முன்னோர் செத்திருந்தால் அதிர்ஷ்டம் என்பது இங்கே வழக்கமான நகைச்சுவை. நம்மவர் அதற்கு முன்பே கப்பலேறிவிட்டார். அதனால் நாங்கள் தேடவேண்டியது திருச்சபையின் பழைய பங்குப் பதிவேடுகளை, அதாவது ஞானஸ்நானக் குறிப்புகளை.

இங்கே எனக்குப் பிடித்த ஒன்று: பதிவுகளில் பெண்களின் பிறந்த வீட்டுப் பெயர் தொலைவதில்லை. கல்லறைக் கல்லில்கூடப் பெரும்பாலும் அந்தப் பெயரைத்தான் வெட்டுகிறார்கள். ஆனால் ஃபார் பங்கில் அதனால் பெரிய உபயோகம் கிடையாது. அங்கே பிறந்த வீடும் மெக்கே, புகுந்த வீடும் மெக்கே. ஊரே மெக்கேக்களின் சீமை. மாக் என்றால் மகன். ஆய்த் என்பவனின் மகன் மாக் ஆய், அது மெக்கே ஆனது. அதற்குமேல் டொனால்ட், வில்லியம், ஆங்கஸ், ஹியூ என்று நாலு பெயரை வைத்தே நானூறு பேரை ஓட்டியிருக்கிறார்கள்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு குழந்தை கிடைத்தது. வருடம் சரி, பெயர் சரி, அப்பா டொனால்ட், அம்மா ஜேனட், ஊர் ரோஸல். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ரோஸலை அவருக்குத் தெரியும். ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில், ஆடு வளர்ப்பதற்காகக் குடியானவர்களை வெளியேற்றி ஜமீன் காலி செய்வித்த கிராமங்களில் பெயர்பெற்றது அது.

இரண்டே முக்காலுக்கு இன்னொரு குழந்தை கிடைத்தது. அதே வருடம், அதே பெயர், அப்பா அதே டொனால்ட். அம்மா மட்டும் பார்பரா, ஊர் க்ரம்பெக்.

உதவிக்கு இருந்த அம்மாள் கொஞ்சமும் அசரவில்லை. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்று வைக்கும் பழக்கம் உண்டு, பிள்ளைகள் பெயரைப் பாருங்கள் என்றார். பைபிள் பட்டியலில் மூத்தவன் டொனால்ட். இரண்டு தகப்பனும் டொனால்ட். மாமா நோட்டை மூடிவிட்டு, "ரோஸல்தான்" என்றார். என்ன ஆதாரம் என்று நான் கேட்கவில்லை.

மூன்றாம் நாள், ரயிலில்

எடின்பரோவிலிருந்து இன்வெர்னஸுக்கு மூன்றரை மணி நேரம். பெர்த் தாண்டியதும் மலை கிட்ட வந்தது. நான் மஃப்ளரைத் தலையணையாக வைத்துத் தூங்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றது. பலகையில் டங்கெல்ட் என்று இருந்தது.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். என் பாட்டி பிறந்தது டங்கெல்ட் தோட்டத்தில். இலங்கையில், டிக்கோயாப் பக்கம். நான் கோத்தகிரியில் பிறந்தவள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி தலைமன்னாரில் கப்பலேற்றி மண்டபம் முகாமுக்கு அனுப்பிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. பாட்டி சாகும்வரை 'டங்கெல்லு டங்கெல்லு' என்று சொல்லிக்கொண்டிருந்தது ஏதோ சிங்களப் பெயர் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். அந்த மலைகளில் முதலில் காப்பி, அது நோய் வந்து அழிந்தபின் தேயிலை. லூல்கந்துராவில் 1867இல் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லரே கின்கார்டின்ஷயர்க்காரர். துரைமாரில் இந்த ஊர்க்காரர்கள் அத்தனை பேர். தங்கள் ஊர்ப் பெயரை மூட்டைகட்டிக்கொண்டு போய் அங்கே வைத்துவிட்டார்கள்.

மாமாவிடம் சொல்ல வாயெடுப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. சொன்னபிறகு அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான்காம் நாள், கலோடன்

இன்வெர்னஸிலிருந்து பஸ்ஸில் அரை மணி. 1746 ஏப்ரல் 16, ஒரு மணி நேரம்கூட நீடிக்காத சண்டை. ஸ்டூவர்ட் வம்சத்தை மறுபடி அரியணையில் ஏற்ற நின்றவர்களில் ஏறக்குறைய 1500 பேர் இந்த வெட்டவெளியில் விழுந்தார்கள். 1881இல் நட்ட கற்களில் குலப் பெயர்கள் இருக்கின்றன. மாமா வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். ஃப்ரேசர், கேமரன், மக்கின்டாஷ். மெக்கேயைக் காணோம்.

இருக்காது. மெக்கேக்கள் அரசாங்கம் பக்கம். அந்த வருடம் மார்ச்சில் ஸ்டூவர்ட் இளவரசருக்குத் தங்கம் கொண்டுவந்த கப்பல் வடக்கே டங் கடற்கழியில் தரைதட்டியபோது, அதை மடக்கிப் பிடித்தவர்களே அவர்கள்தான். இதை நான் சொன்னதும் மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. கலோடனில் தோற்றுப்போன வீரர்களின் வழி நாம் என்று அவருடைய அப்பா சொல்லி வளர்த்திருக்கிறார். கான்டீனில் டீ குடிக்கும்போது, "அப்போ கொள்ளைக்காரங்களா நாங்க?" என்று கேட்டார். சொல்லும்போது முகத்தில் கொஞ்சம் பெருமைதான்.

ஐந்தாம் நாள், க்ராயிக்

வாடகைக் கார் எடுத்தோம். இடது பக்கம் ஓட்டவேண்டும் என்பதால் சாவி என்னிடம். கோத்தகிரிச் சாலையில் பழகியவளுக்கு இதெல்லாம் ரன்வே. ஒற்றைத் தடச் சாலைதான், அங்கங்கே ஒதுங்க இடம் விட்டிருக்கிறார்கள். எதிரே வருகிறவர் ஒதுங்கி நின்றால் நாம் ஒரு கையைத் தூக்கவேண்டும். தூக்காமல் போவது பெரிய மரியாதைக் குறைவு. மாமா பக்கத்து சீட்டில் இருந்தபடி எல்லாருக்கும் என் சார்பில் கையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆர்ட்கே ஊரிலிருந்து உள்ளே பத்து மைல் போனால் க்ராயிக் கோயில். சின்ன வெள்ளைக் கட்டடம், சுற்றிக் கல்லறைத் தோட்டம், நாலைந்து மரம். வேறு மனித வாடையே இல்லை. 1845 மே மாதம், பக்கத்து க்ளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து வெளியேற்றிய 18 குடும்பங்கள், 80 பேர் போல, இந்தக் கல்லறைகளுக்கு நடுவே கம்பு நட்டுக் கம்பளியும் தார்ப்பாயும் போர்த்தித் தங்கியிருக்கிறார்கள். கோயிலுக்குள் போகவில்லை. ஜன்னல் கண்ணாடியில், வெளிப்பக்கமாக நின்று, கூரான எதனாலோ கீறி எழுதியிருக்கிறார்கள்.

கிழக்கு ஜன்னலில் வைர வடிவச் சில்லுகள். முதலில் ஒன்றும் தெரியவில்லை, அழுக்கு என்றுதான் நினைத்தேன். தலையைச் சாய்த்து வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தபோது எழுத்து எழும்பி வந்தது. மெல்லிய, முடி கனமான கோடுகள். நல்ல பள்ளிக்கூடக் கையெழுத்து, சாய்த்து எழுதியது. 'க்ளென்கால்வி மக்கள் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள், மே 24, 1845' என்று ஒன்று. 'க்ளென்கால்வி மக்கள், பொல்லாத தலைமுறை' என்று இன்னொன்று. தங்கள் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்று எடுத்துக்கொண்டார்கள் போல. பேசியது கேலிக் மொழி, எழுதியது ஆங்கிலத்தில். எழுதப் படித்தது அதில்தான் என்பதாலா, துரைக்குப் புரியட்டும் என்பதாலா?

மாமா விரலைக் கண்ணாடிக்கு ஒரு அங்குலம் தள்ளியே வைத்து எழுத்தின்மேல் ஓட்டினார். தொடவில்லை.

ராத்தங்கலுக்கு லேர்க் போனோம். நாங்கள் போய்ச் சேரும்போது விடுதியில் சமையலறையை மூடிவிட்டார்கள். சிப்ஸும் நான் ஊரிலிருந்து கொண்டுவந்த பருப்புப் பொடியும்தான் ராச்சாப்பாடு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாம் என்று கண்டுபிடித்தது மாமா.

ஆறாம் நாள், ரோஸல்

ஆல்ட்னஹாரா தாண்டி நேவர் ஏரியை ஒட்டியே சாலை. ஏரிக்கரையில் க்ரம்பெக் என்று ஒரு சின்னப் பலகை வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன். மாமா, "போ, போ, அப்புறம் பார்க்கலாம்" என்றார்.

சைர் பாலம் கடந்து, காரை நிறுத்திவிட்டுக் காட்டுப்பாதையில் ஒரு மைல் நடை. வனத்துறை வளர்த்த காட்டுக்கு நடுவே திடீரென்று பச்சை மேடு திறக்கிறது. ரோஸல். புல்லுக்கடியில் நீள நீளமாக வீட்டு அடித்தளங்கள். ஒரே கூரையின் கீழ் ஒரு கோடியில் ஆட்கள், மறு கோடியில் மாடு. மாட்டுப் பக்கம் கொஞ்சம் பள்ளமாக இருக்கும், கழிவு வெளியே ஓட. தானியம் உலர்த்திய சூளை ஒன்று, வட்டமாகக் குழிந்து.

ஸ்ட்ராத்நேவரைக் காலி செய்தது 1814லும் 1819லும். நிலம் சதர்லாந்து சீமாட்டியுடையது. செவியட் ஆடுகளுக்கு வாடகை அதிகம் கிடைக்கும் என்பது கணக்கு. மேய்ச்சல் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவரும் ஜமீன் காரியஸ்தரும் ஒரே ஆள், பேட்ரிக் செல்லர். இந்த மரமில்லாத சீமையில் கூரை மரம்தான் ஏழையின் சொத்து. போகுமிடத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் புது வீடு கட்டவேண்டும். அதைக் கொளுத்தினால் திரும்பி வர இடமில்லை. 1814இல் பாடின்லாஸ்கின் என்ற இடத்தில் நூறு வயதை நெருங்கிய மார்கரெட் மெக்கே என்ற கிழவி உள்ளே இருக்கும்போதே வீட்டுக்குத் தீ வைத்தார்கள், வெளியே தூக்கி வந்த ஐந்தாம் நாள் இறந்தாள் என்று செல்லர்மேல் வழக்கு நடந்தது. 1816இல் இன்வெர்னஸில் விசாரணை. விடுதலை. ரோஸலில் வளர்ந்த டொனால்ட் மக்லவுட் என்ற கொத்தனார், பிற்பாடு பார்த்ததையெல்லாம் பத்திரிகைக்கு எழுதினார். 1819இல் ஒரு ராத்திரி மேட்டில் ஏறி நின்று எண்ணியதில் 250 வீடுகள் எரிந்தனவாம்.

மாமா ஒரு அடித்தளத்தின் வாசல் பக்கம் உட்கார்ந்தார். நன்றாக அழுதுகொள்ளட்டும் என்று நான் தள்ளிப் போனேன். ஐந்து நிமிடத்தில் மிட்ஜ் வந்துவிட்டது. கொசுவில் கால்வாசி இருக்கும் பூச்சி, மேகமாக வந்து காது, மூக்கு, புருவம் என்று ஒன்று விடாமல் கடிக்கும். மாமா அழவும் முடியாமல் மஃப்ளரை முகத்தில் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். இரண்டு பேரும் காருக்குள் உட்கார்ந்து சொறிந்துகொண்டே சிரித்தோம்.

ராத்திரி, பெட்டிஹில். பதினொரு மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. தூக்கம் வராமல் நீல நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பேரன் என்ற சொல்லே பெயரன்தானே, தாத்தா பெயரைச் சுமப்பவன். பேத்தி, பெயர்த்தி. அந்த அம்மாள் மகன்களை மட்டும்தான் சொன்னார். மகள்களுக்கும் ஒரு கணக்கு இருக்கவேண்டுமே? ஃபோனில் தேடினேன், இருந்தது. மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். இரண்டாவது மகளுக்கு அப்பாவின் அம்மா பெயர்.

பைபிள் பட்டியலில் இரண்டாவது மகள் பார்பரா.

ஏழாம் நாள், க்ரம்பெக்

காலையில் கஞ்சிக் கிண்ணத்துக்கு முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னேன். (ஓட்ஸ் கஞ்சிக்கு இங்கே உப்புப் போடுகிறார்கள். நமக்கு வசதி.) எல்லாரும் இந்த முறைப்படியே பெயர் வைத்தார்கள் என்று சொல்ல முடியாது, இது சாட்சி ஆகாது, ஒரு சாய்வுதான் என்றும் சொன்னேன். மாமா பட்டியலில் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு, "நேத்து நீ வேகத்தைக் குறைச்ச இடம்தானே?" என்றார்.

முக்கால் மணி நேரம் திரும்ப ஓட்டினேன். க்ரம்பெக்கில் ரோஸல் மாதிரி பெரிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. சாலையோரம் ஒரு பலகை, சரிவில் சில வீட்டு அடையாளங்கள், ஏரியைப் பார்த்த மாதிரி ஒரு பழைய இடுகாடு. கற்கள் பெரும்பாலும் அப்படியே ஏரிக்கரையிலிருந்து தூக்கிவந்து நட்ட மாதிரி, பெயர் வெட்டாத கற்கள். வாசிக்க ஒன்றும் இல்லை. தண்ணீர் கல்லில் அறையும் சத்தம், தூரத்தில் ஆடுகள். ஆடுகள் இன்னும் இருக்கின்றன.

மாமா மூட்டு வலியோடு சரிவில் இறங்கி ஒவ்வொரு கல்லிடமும் நின்றார். அவருடைய பாட்டி கேலிக் பேசியவராம், இவருக்குத் தெரிந்தது ஒரே வாக்கியம். 'கிம்மர் அ ஹா ஊ', எப்படி இருக்கிறாய். அதைச் சொல்லிக்கொண்டே போனார், கல்லுக்கு ஒரு தடவை. இன்றைக்குக் காற்று இருந்ததால் மிட்ஜ் இல்லை.

எட்டாம் நாள்

நாள் முழுக்க மழை. பெட்டிஹில்லில் ஸ்ட்ராத்நேவர் அருங்காட்சியகம், முன்பு ஃபார் பங்குக் கோயிலாக இருந்தது. பள்ளத்தாக்குக்காரர்களைக் கொண்டுவந்து குடியேற்றிய இந்தக் கடற்கரை ஊருக்கே அந்தச் சீமாட்டி எலிசபெத்தின் செல்லப் பெயர்தான். 1819இல் வெளியேற்ற அறிவிப்பைப் போதகர் நின்று படித்த பிரசங்க மேடை அப்படியே இருக்கிறது. மாமா அதைப் படம் எடுக்கவில்லை. வெளியே கல்லறைத் தோட்டத்தில் ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்ட சிலுவைக் கல்லை நனைந்துகொண்டே எடுத்தார்.

ஒன்பதாம் நாள், டங்கெல்ட்

திரும்பும் ரயிலில் டங்கெல்ட் வந்ததும் மாமா பெட்டிகளை இறக்க ஆரம்பித்துவிட்டார். அடுத்த வண்டிக்கு நேரமிருக்கிறது, நான் பார்த்துவிட்டேன் என்றார். பிளாட்பாரத்தில் எங்களைத் தவிர யாருமில்லை. தூறல். பெயர்ப் பலகைக்குக் கீழே என்னை நிறுத்திப் படம் எடுத்தார். பிறகு பெஞ்சில் உட்கார்ந்து நீல நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, "உன் பாட்டி பெயர் சொல்" என்றார். சொன்னேன். "அவளுடைய அம்மா?"

தெரியவில்லை. படத்தோடு அந்தக் கேள்வியையும் சேர்த்து கோத்தகிரியில் அப்பாவுக்கு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் குரல் செய்தி வந்தது.

"ஏம்மா, அந்த ஊர்லயும் மழைதானா? பாட்டியோட அம்மா பேரு மாரியாயி. உனக்கு அந்தப் பேரைத்தான் வைக்கணும்னு பாட்டி ஒத்தக்கால்ல நின்னுச்சு. உங்கம்மாதான் பழைய பேருன்னுட்டா."

மொழிபெயர்த்தேன். மாமா சிரித்துவிட்டு, பேனாவை எடுத்து எழுத்துக்கூட்டச் சொன்னார். அந்தக் கடைசி 'யாயி'யில் மூன்று தடவை தடுக்கினார். நான்காவது தடவை சரியாகச் சொன்னபோது வண்டி வந்துவிட்டது.